திருகோணமலையின் பாட்டு யாருடையது?

உப்புவெளிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மாவட்டத்தில் கலாசார விழா என்றால் ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான். தமிழ்ப் பிள்ளைகள் பரதநாட்டியம் ஆடுவார்கள், முஸ்லிம் பிள்ளைகள் களிகம்பு அடிப்பார்கள், சிங்களப் பிள்ளைகள் கண்டிய நடனம் ஆடுவார்கள். கடைசியில் எல்லோரும் கைகோத்து நிற்க ஒரு படம் எடுப்பார்கள். பிள்ளைகள் நன்றாகத்தான் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதைப் பார்த்து வளரும் ஒரு பிள்ளை, ஒவ்வொரு சனமும் தன் பாட்டைத் தன் வேலிக்குள்ளேயே வைத்திருந்தது என்றுதான் நினைக்கும். நான் வளர்ந்த கரையில் அப்படி இருக்கவில்லை.

கரைவலையை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி வளைந்து போய் வலையைப் போட்டு, மற்றத் தலைப்பைக் கொஞ்சம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். அந்த இழுவைக்குத்தான் அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள். தொடக்கத்தில் வலை தூரத்தில் கிடக்கும். அப்போது அடி நீளமாக, ஆறுதலாக வரும். எடுத்துக் கொடுக்கும்போது மற்றவர்கள் மூச்சு எடுப்பார்கள். ஏலேலோவில் குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்வார்கள். மீன் சேரும் வலையின் மடி கரைக்குக் கிட்ட வரவர அடி குறுகும். இரண்டு பக்கத்து ஆட்களும் நெருங்கி வருவார்கள். கடைசியில் சொல்லே இருக்காது, வெறும் ஓசைதான். அந்த வேகத்தில் ஒருவர் தாளம் தப்பினால் பக்கத்தில் நிற்பவரின் தோள்தான் இழுபடும்.

சோழகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், எங்கள் பக்கம் அமைதியாகிவிடும். அந்தக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள் வந்து வாடி என்ற தற்காலிகக் குடிசை அடித்துத் தங்குவார்கள். அவர்களில் பலருக்குத் தமிழும் சிங்களமும் ஒன்றுபோல வரும். அவர்களும் கரைவலைப் பாட்டை அம்பா என்றுதான் சொல்வார்கள். ஆள் குறைந்த நாளில் ஒரே கயிற்றில் இரண்டு பாஷைக்காரரும் நிற்பார்கள். எந்தப் பாஷையில் எடுத்துக் கொடுத்தாலும் வாங்குகிற ஓசையில் வித்தியாசம் இருக்காது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த மாவட்டத்தில் இசை கலந்தது வேலை செய்த இடத்தில். அதனால்தான் வேலை மாறினால் பாட்டும் நின்றுவிடுகிறது. இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் விஞ்ச் பூட்டி வலை இழுக்கிறார்கள். விஞ்சுக்கு அம்பா தேவையில்லை. உங்கள் ஊரில் எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தம்பலகாமத்து வயல்

நல்ல இழை அண்ணா. வயலிலும் இதே கதைதான்.

சூடு அடிக்கிற காலத்தில், அதாவது அறுத்த கதிரை மாடு மிதித்து நெல் உதிர்க்கிற காலத்தில், களவெட்டி என்ற களத்தில் இரவிரவாக மாடு சுற்றும். நிலவு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் லாந்தர். மாட்டுக்குப் பின்னால் நடக்கிறவர் பொலிப் பாட்டு எடுப்பார். அது மாட்டுக்காகவும் பாடுகிற பாட்டு, தூங்கிவிடாமல் இருப்பதற்காகவும் பாடுகிற பாட்டு. களத்துக்குள் சாதாரணப் பேச்சுப் பேசக்கூடாது, அங்கே தனிப் பேச்சு உண்டு. நெல்லையும் மாட்டையும் சுளகையும் வழமையான பெயரால் சொல்லமாட்டார்கள். பூதம் காதில் கேட்டால் பொலியை, அதாவது களத்து விளைச்சலை, கொண்டுபோய்விடும் என்ற பயம். தமிழ்க் கமக்காரரும் முஸ்லிம் கமக்காரரும் இரண்டு பேரும் இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்தார்கள். சிங்களக் கிராமங்களிலும் களத்துக்கென்று தனிப் பேச்சு இருக்கிறது, தனிப் பாட்டும் இருக்கிறது. மதம் வேறு, பாஷை வேறு. களவெட்டிக்குள் காலை வைத்தால் ஒழுங்கு ஒன்று.

இப்போது அறுவடை மெஷின் வயலுக்குள் இறங்குகிறது, நெல் மூட்டையாக வெளியே வருகிறது. களவெட்டி எங்கே இருந்தது என்று காட்டுவதற்கே ஆள் தேட வேண்டும். என் அப்பப்பா பாடியதில் எனக்குப் பாதிகூட வராது. மெஷினைக் குறை சொல்லமாட்டேன். நாலு இரவு நித்திரை முழித்துச் சூடு அடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கிண்ணியா வெண்மணல்

நானாமார், அண்ணாமார் எல்லோரும் ஆம்பிளைகளின் வேலையைப் பற்றியே எழுதுகிறீர்கள். பெண்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் உம்மம்மா காலத்தில் கல்யாணத்துக்கும், பிள்ளை பிறந்தாலும் குரவை போடுவார்கள். நாக்கை மடித்து, உதட்டின் முன்னால் கையை வைத்து, ஒரே மூச்சில் எழுப்புகிற ஓசை. கிழக்கு மாகாணத்தில் முஸ்லிம் பெண்களும் தமிழ்ப் பெண்களும் இரண்டு பேரும் குரவை போடுகிறவர்கள்தான். பக்கத்து ஊரில் கேட்டால் எந்த வீட்டுக் கல்யாணம் என்று பிரித்துச் சொல்ல ஏலாது. கவியும் அப்படித்தான். நாலு அடியில் ஒரு கவி. வயல் காவலில் நிற்கிறவரும் நெல் நடுகிற பெண்ணும் ஒருவருக்கு ஒருவர் எறிகிற கேள்வியும் பதிலும். காதலும் இருக்கும், நையாண்டியும் இருக்கும், புருஷன் தூரத்துக்குப் போன கவலையும் இருக்கும். மச்சான், மச்சி என்று தொடங்குகிற கவிகளில் எது முஸ்லிம் கவி, எது தமிழ்க் கவி என்று உள்ளே வருகிற பெயரைப் பார்த்தால்தான் தெரியும்.

நோன்பு காலத்தில் பக்கீர்மார் தாயிரா என்ற கைப்பறையைத் தட்டிக்கொண்டு, சஹர் என்ற விடியற்காலச் சாப்பாட்டுக்கு எழுப்பிவிட வருவார்கள். பைத் என்ற பாட்டைச் சொல்லிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டால்தான் எழும்புவேன். இப்போது எல்லோர் வீட்டிலும் போனில் அலாரம் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். குரவை மார்க்கத்தில் இல்லாத பழக்கம், விட்டுவிட வேண்டும் என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் உம்மம்மாவும் ஐந்து நேரம் தொழுதவதான். பேத்தியின் கல்யாணத்தில் குரவை போட்டவதான். அவவுக்கு இரண்டும் ஒன்றோடொன்று முட்டவில்லை.

சொர்ணாளி

தொடங்கியவரின் கருத்தோடு பாதிதான் உடன்படுகிறேன்.

வேலை செய்த இடத்தில் கலந்தது என்கிறீர்கள். எங்கள் குடும்பத்தின் வேலையே இசைதான். மூதூர்ப் பக்கத்தில் கண்ணகி அம்மன் கோயிலிலும் காளி கோயிலிலும் சாவீட்டிலும் பறை அடித்தவர்கள் நாங்கள். பறை, தம்பட்டம், சொர்ணாளி மூன்றும் சேர்ந்ததுதான் எங்கள் மேளம். சொர்ணாளி, சீவாளி வைத்து ஊதுகிற சின்னக் குழல். தம்பட்டத்தை இரண்டு குச்சியால் அடிப்போம். சாவுக்கு ஒரு அடி, அம்மனுக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி. தூரத்தில் கேட்டே என்ன நடக்கிறது என்று ஊர் சொல்லும். அம்மனுக்கு எங்கள் மேளம் இல்லாமல் சடங்கு நடக்காது. ஆனால் அடிக்கிறவன் வெளி வீதியில்தான் நிற்க வேண்டும், உள்ளே வரக்கூடாது. சடங்கு முடிந்ததும் மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரி எங்களுக்குக் கொடுக்கமாட்டார்கள். என் தகப்பனார் இதைச் சொல்லும்போது கோபப்படுவதில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலிக்கும்.

எங்கள் தம்பிமார் பலர் இனி அடிக்கமாட்டோம் என்று விட்டுவிட்டார்கள். அது அவர்கள் யோசித்து எடுத்த முடிவு. இப்போது விழா நடத்துகிறவர்கள் வந்து, பாரம்பரியம் அழிகிறதே, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். மரியாதையும் கூலியும் கொடுக்காத காலத்தில் அது எங்கள் தொழில், அழிகிற நேரத்தில் மட்டும் எல்லோருடைய பாரம்பரியமா? இந்தப் பாட்டு நம் எல்லோருடையதும் என்று எழுதுவதற்கு முன், அடித்தவன் எங்கே நின்று அடித்தான் என்பதையும் எழுதுங்கள்.

உப்புவெளிக்கரை

இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி. இழையின் தலைப்புக்கு இதைவிட நேரான பதில் இல்லை. கரையிலும் கயிறு இழுத்தவனுக்கும் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் பங்கு ஒன்றாக இருந்ததில்லை. ஒன்றாகப் பாடியதால் ஒன்றாகச் சாப்பிட்டார்கள் என்று யாரும் முடிவுக்கு வரக்கூடாது.

சீனக்குடா

சொர்ணாளி அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மா சிங்களம், அப்பா தமிழ். இரண்டு பக்கத்துக் கோயிலுக்கும் போய் வளர்ந்தவன்.

விகாரையில் ஹேவிசி என்ற மேள இசை வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தவுல் என்ற பெரிய மேளம், ஒரு பக்கம் குச்சி, மற்றப் பக்கம் கை. தம்மெட்டம் என்ற இரட்டை மேளம், அதை இரண்டு பிரம்புக் குச்சியால் அடிப்பார்கள். ஊதுவதற்கு ஹொரணாவ, அதற்கும் சீவாளிதான். நீங்கள் சொன்ன மூன்றும் அப்படியே வரிசையாக இருக்கின்றன. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. நீங்கள் சொன்ன மற்ற விஷயமும் அங்கே இருக்கிறது. மேளம் அடிப்பவர்கள் சிங்களத்திலும் தனிச் சாதிதான், பெரவா என்பார்கள். புத்தருக்கு முதல் ஓசையைக் கொடுப்பவர்கள் அவர்கள், ஊரில் அவர்களுக்குக் கிடைத்த இடம் வேறு. இரண்டு சனமும் மேளத்தையும் பங்கிட்டிருக்கிறது, மேளகாரனைத் தள்ளி வைக்கிற பழக்கத்தையும் பங்கிட்டிருக்கிறது.

கண்ணகி அம்மன் சிங்களத்தில் பத்தினித் தெய்வம். கிழக்கில் தமிழர் கொம்புமுறி விளையாடுவார்கள், இரண்டு கட்சியாகப் பிரிந்து கொம்பை மாட்டி இழுத்து முறிப்பார்கள், தோற்ற கட்சியை வசைப்பாட்டுப் பாடிக் கேலி செய்வார்கள். சிங்களவர் அதையே அங்கெலிய என்பார்கள், அங்கேயும் இரண்டு கட்சி, அங்கேயும் வசைப்பாட்டு. கணநாத் ஒபயசேகர 1984இல் பத்தினி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில் இது விரிவாக இருக்கிறது. கோடை நீண்டாலும் அம்மை வந்தாலும் இரண்டு சனமும் ஒரே அம்மனிடம்தான் ஓடியிருக்கிறது.

நிலாவெளிப் பக்கம் போகிறவர்கள் பெரியகுளத்தில் இருக்கும் வெல்கம் விகாரையையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். பௌத்த விகாரைக்கு விளக்கெரிக்கக் கொடுத்த கொடைகள் தமிழிலேயே கல்லில் வெட்டியிருக்கின்றன. இசைக்கு நேரடியாகச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் எழுதத் தோன்றியது.

ரொறன்ரோ கோணமலை

எல்லோரும் கலப்பைப் பற்றியே எழுதுவதால் மற்றப் பக்கத்தை நான் எழுதுகிறேன். எல்லாமே கலவை என்று சொல்லிக்கொண்டே போனால், எங்களுக்கென்று இருக்கும் ஆழமான வேர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

திருகோணமலைக்கு 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பதிகம் இருக்கிறது. மூன்றாம் திருமுறை, புறநீர்மைப் பண். இன்று ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுகிறார்கள், விடியற்காலைக்கு உரிய ராகம். சம்பந்தர் இங்கே வந்து பாடவில்லை. இராமேசுவரத்தில் நின்றபடி கோணமலையைப் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆனாலும் குரைகடல் ஓதம் முத்தைக் கரையில் கொழிக்கிறது என்று பாடியிருக்கிறார். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் ஏறி நின்று கீழே பார்த்தவர்களுக்கு அந்த அலையின் இரைச்சல் அந்த அடியிலேயே கேட்கும். பிறகு அருணகிரிநாதரின் திருப்புகழ் இருக்கிறது. 1624இல் போர்த்துக்கேயர் அந்தக் கோணேசர் கோயிலை இடித்து, கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். கல் போய்விட்டது, பதிகம் போகவில்லை. இங்கே ரொறன்ரோவில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் புறநீர்மையில் பாடுகிறார்கள். கோணமலையை அவர்கள் பார்த்ததே இல்லை. சம்பந்தரும் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுதானே பாடினார் என்று அவர்களுக்குச் சொல்வேன்.

இது கலப்பில் வந்தது இல்லை. எங்கள் மொழியில், எங்கள் பண்ணில் வந்தது. இதையும் மற்றவற்றையும் ஒரே தட்டில் வைப்பது சரியா?

பாலையூற்று மண்டலின்

ரொறன்ரோ அண்ணா, உங்கள் கேள்விக்குப் பக்கவாட்டில் இருந்து ஒரு பதில். நான் பறங்கி, போர்த்துக்கேயர் வழி வந்த சனம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். பறங்கிப் பாஷை, அதாவது எங்கள் போர்த்துக்கேயம், முழுதாகப் பேசத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இப்போது வயசாளிகள்தான். உங்கள் கோயிலை இடித்தவர்களின் பாஷை அது. எனக்கு அது தெரியும், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கேலியாகவும் கேட்டிருக்கிறேன். ஆனால் என் அப்பம்மா அதில்தான் தாலாட்டுப் பாடினா.

எங்கள் கல்யாண வீட்டில் கஃபிரிஞ்ஞா என்ற ஆட்ட இசை வாசிக்காமல் எதுவும் தொடங்காது. வயலின், மண்டலின், கிற்றார், றபான் என்ற கைப்பறை. ஆறு எண்ணிக்கையில் ஓடுகிற தாளம். அதில் கால் இரண்டு தரம் விழும், பாட்டு மூன்றாகப் பிரிந்து போகும். இரண்டும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகிற இடத்தில்தான் ஆட்டம் வரும். உட்கார்ந்திருக்க முடியாது. போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களின் தாளம் அதற்குள் இருக்கிறது, காப்பிரி என்று அவர்களை அழைத்த சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் அவர்களின் சந்ததி இன்றும் மஞ்சா என்ற பாட்டைப் பாடுகிறது. பைலா என்ற ஆட்டப் பாட்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் கஃபிரிஞ்ஞாவின் தாளத்தில் சிங்களச் சொல்லை வைத்துப் பாடி அதை ஊரெல்லாம் கொண்டுபோனார். இன்றைக்குத் தமிழ்க் கல்யாணத்திலும் சாப்பாடு முடிந்ததும் பைலா போடாமல் யாரும் வீட்டுக்குப் போகவிடமாட்டார்கள். ஆபிரிக்கா, போர்த்துக்கல், சிங்களம், தமிழ் நான்கும் அந்த ஒரு பாட்டுக்குள் இருக்கின்றன. ஆடுகிறவருக்கு அது தெரியவும் வேண்டாம்.

இனி வயலின். என் மாமா நின்றுகொண்டு, வயலினை நெஞ்சோடு அணைத்து, வில்லைக் குட்டையாகப் பிடித்து வெட்டி வெட்டி இழுப்பார். அதே வயலினைத்தான் உங்கள் தேவார வகுப்பிலும் பக்கவாத்தியமாக வைத்திருப்பீர்கள். அங்கே சம்மணம் கட்டி உட்கார்ந்து, தலைப்பைக் காலில் ஊன்றி, நீளமான வில்லில் கமகம் வரும். ஐரோப்பியரிடமிருந்து அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர். அதனால் தேவாரத்தின் ஆழம் குறைந்துவிட்டதா? குறையவில்லை. பண் உங்களுடையதுதான். அதைத் தாங்குகிற கம்பி எங்கள் ஆட்கள் வந்த அதே கப்பல் பாதையில் வந்தது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

ரொறன்ரோ கோணமலை

கப்பல் பாதை என்று நீங்கள் சொன்னதை அடுத்த வகுப்பில் வயலின் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன். பண்ணைத் தனியாகப் படிக்க வேண்டும் என்ற கருத்தில் நான் மாறவில்லை. விபுலானந்த அடிகள் எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவர். பழைய யாழின் நரம்புகளைக் கணக்குப் போட்டுத் தேடி 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். வேரைத் தேடிப் போன அந்த மனிதர் ஆங்கிலமும் விஞ்ஞானமும் படித்தவர், அந்தக் கணக்கு இல்லாமல் அந்த நூல் இல்லை. ஆகவே உங்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை தம்பி.

சம்பூரான்

கூத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே நான்.

எங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், ஆளுக்குரிய பாட்டைச் சட்டமாக எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை கட்டி, பிறகுதான் களரி ஏற்றுவார். மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் வட்டக்களரியின் ஓரத்தில் சுற்றி வருவார். ஆடுகிறவன் தாளம் பிசகினால் பார்வையாலேயே பிடித்து இழுத்துவிடுவார். கூத்தில் இரண்டு மோடி உண்டு, வடமோடிக்கு ஒரு தாளக்கட்டு, தென்மோடிக்கு ஒரு தாளக்கட்டு. பாட்டெல்லாம் ஏட்டில் இருக்கும், ஏடு அண்ணாவியார் வீட்டில் இருக்கும்.

2006இல் போரில் ஊரை விட்டு ஓடியபோது ஏட்டை எடுக்கவில்லை. யார் எடுப்பார்கள், பிள்ளையைத் தூக்குவதா ஏட்டைத் தூக்குவதா? கிளிவெட்டி முகாமில் வருஷக்கணக்காக இருந்தோம். காணி திரும்பக் கிடைத்துப் போகும்போது பழைய ஆட்கள் பலர் இல்லை. இருப்பவர்களும் துண்டு துண்டாகத்தான் பாடுகிறார்கள். ஒருவருக்கு வரவு விருத்தம் வரும், இன்னொருவருக்கு நடுவில் தரு என்ற பாட்டு ஒன்று வரும். வேலை போனால் பாட்டு போகும் என்று தொடங்கியவர் எழுதினார். ஊரே போனாலும் போகும்.

கலப்பு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சிங்கள நாடகத்தில் 1956இல் சரச்சந்திர போட்ட மனமே என்ற நாடகம் பெரிய திருப்பம் என்பார்கள். அதன் அடி நாடகம என்ற சிங்கள வடிவம். நாடகம எங்கள் தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து கிளைத்தது. அதைப் பார்த்துவிட்டு, நம்மிடம் மூலமே இருக்கிறதே என்று பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்து அங்கே போய், பேர் வாங்கி, அதைக் கண்டு நாங்கள் திரும்பிப் பார்த்தோம். தந்தவர் யார், எடுத்தவர் யார் என்று பார்க்காமல், கடனைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பலகாமத்து வயல்

சம்பூர் அண்ணா, துண்டு துண்டாகத் தெரிந்தவர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தால் ஒருவர் பாட மற்றவருக்கு ஞாபகம் வரும். பொலிப் பாட்டில் நான் பார்த்திருக்கிறேன். தனியாகக் கேட்டால் தெரியாது என்பவர்கள், இன்னொருவர் தொடங்கினால் வாயை மூடமாட்டார்கள். வண்டில் பிடிப்பது என் பொறுப்பு, மூதூருக்கே வருகிறேன்.

சொர்ணாளி

பதிவு செய்வதென்றால் சில விஷயங்களை முதலிலேயே பேசிக்கொள்வோம். அடிப்பவரின் பெயர் அவர் சம்மதித்தால் பதிவில் இருக்க வேண்டும், கிராமியக் கலைஞர்கள் என்று மொத்தமாகப் போடக்கூடாது. வருகிற ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும், தேநீரும் நன்றியுரையும் கூலியாகாது. பிறகு, வெளி வீதியில் நிறுத்தி எடுக்க வேண்டாம். கோயில் வளவில் என்றால் உள் வீதியில், இல்லாவிட்டால் எங்கள் வீட்டுத் திண்ணையில். இதற்குச் சம்மதமென்றால் தகப்பனாரிடம் நான் கேட்கிறேன். அம்மனுக்கு அடிக்கும் அடியை அவர் இன்னும் முழுதாக அடிப்பார்.

உப்புவெளிக்கரை

மூன்றுக்கும் சம்மதம். காசுக்கு நாங்களே சேர்ப்போம், ரொறன்ரோ அண்ணாவும் தருகிறார் என்று உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். கரையில் அம்பா எடுத்துக் கொடுத்த ஒரு பெரியவரைக் கேட்டுவிட்டேன். சும்மா உட்கார்ந்து பாடினால் வராது, கயிறு கையில் இருக்க வேண்டும் என்கிறார். ஆகவே ஒரு நாள் விஞ்சை நிறுத்திவிட்டு ஆள் வைத்து இழுப்பது என்று சம்மாட்டியோடு கதைத்திருக்கிறேன். கையால் இழுக்க நிறையப் பேர் தேவை. வரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள். காற்று அடிக்கும், போன் மைக்குக்குப் பஞ்சுறை கொண்டுவாருங்கள்.

பாலையூற்று மண்டலின்

நான் வருகிறேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வருவேன், கயிறு இழுக்க இல்லை, கேட்க.

கிண்ணியா வெண்மணல்

உம்மாவிடமும் பெரியம்மாவிடமும் கேட்டேன். குரவையும் கவியும் பதிவு செய்யச் சம்மதம். குரல் மட்டும், முகம் வரக்கூடாது, பெயர் வேண்டாம். எடுக்க வருவது பெண்களாக இருக்க வேண்டும். தம்பலகாமத்து அண்ணா, உங்கள் வீட்டு அக்கா பாட்டு எழுதி வைப்பா என்று முன்பு ஒரு இழையில் சொன்னீர்களே, அவவை அனுப்பிவைப்பீர்களா? பகல் சாப்பாடு எங்கள் வீட்டில்.